சிகிச்சையில் பாதி சம்பாஷணை

மயக்க மருந்தின் வசப்பட்டு நினைவின்றிக் கிடக்கும் மனிதனுக்கும் சத்திர சிகிச்சை நன்றாகவே நடந்தேறுகிறது; மாத்திரையை விழுங்குகிறவன் அதன் பெயரையும் குணத்தையும் அறியாதவனாக இருந்தாலும், ஏன், அதை எழுதிக்கொடுத்த வைத்தியரிடம் அவனுக்கு மனத்தாங்கலே இருந்தாலுங்கூட, மாத்திரை தன் காரியத்தை முடித்துவிட்டுத்தான் ஓய்கிறது. இயன்முறை மருத்துவம் என்று அரசாங்கத்தாரும் ‘பிஸியோதெரபி’ என்று ஊராரும் அழைக்கிற சிகிச்சைக்கு மட்டும் இந்தச் சௌகரியம் வாய்க்கவில்லை. முழங்கால் மூட்டு மாற்றப்பட்டவர் தாமே காலை மடக்க வேண்டும். தோள் இறுகிப் போனவர் தாமே கையைச் சுவரில் ஏற்ற வேண்டும். பக்கவாதத்தால் ஒருபுறம் செயலற்றுப் போனவர், அசைய மறுக்கிற விரலை அசைக்கத் தாமே நாள்தோறும் பலமுறை பிரயாசைப்பட வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அரைமணி நேரம் மருத்துவரின் கை நோயாளியின் மேல் படுகிறது என்று வைத்துக்கொண்டாலும், மீதியுள்ள நேரமெல்லாம் அந்தச் சிகிச்சையை நடத்துகிறவர் நோயாளிதான்; அதை நடத்துவதற்கு அவரிடம் இருக்கிற மூலதனமோ, அந்த அரைமணி நேரத்தில் அவர் காதில் விழுந்து மனத்தில் தங்கிய வார்த்தைகளைத் தவிர வேறொன்றுமில்லை.

இத்தனை வெளிப்படையான விஷயம் இந்தத் தொழிலின் கவனத்துக்கு வர வெகுகாலம் பிடித்தது. அதன் பூர்வோத்தரத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் தேகப்பயிற்சிக்கென ஒரு ராஜாங்கக் கழகத்தைத் தொடங்கினார்; அங்கே பயிற்சி என்பது வரிசையாக நின்று உத்தரவுக்கு உடம்பை அசைப்பது. 1894-இல் லண்டன் நகரில் நான்கு செவிலிப் பெண்மணிகள் கூடித் தேகம் பிடித்துவிடும் கலையைக் கௌரவமான தொழிலாக்கச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அங்கே வைத்தியர் எழுதிக்கொடுத்ததைக் கைகள் செய்து முடிக்கும், வாய்க்கு அதிக வேலை கிடையாது. ஆக, உத்தரவிடுகிற குரலையும் மௌனமாக நீவிவிடுகிற கையையும் பெற்றோராகக் கொண்டு இத்தொழில் பிறந்ததே ஒழிய, எதிரில் இருப்பவரோடு கலந்து பேசுகிற வழக்கம் அதன் பிறப்பிலேயே இருந்ததல்ல. இன்றைக்கும் நம் கல்லூரிகளில் எலும்பும் தசையும் நரம்பும் கற்பிக்கப்படுகிற அளவுக்குச் செவிசாய்க்கும் வித்தை கற்பிக்கப்படுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

நோயாளி வந்து உட்கார்ந்ததும் முதலில் நடக்க வேண்டியது அவர் பேசுவதும் இவர் கேட்பதும். 1984-இல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்னும் இருவர் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரி 18 வினாடிகளில் வைத்தியர் குறுக்கிட்டுவிடுவதைக் கண்டார்கள். விட்டால் நோயாளி பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருப்பார் என்னும் பயமே இந்த அவசரத்துக்குக் காரணம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்விட்சர்லாந்தில் பாஸல் நகரத்து மருத்துவர்கள் அந்தப் பயத்தையே பரீட்சித்துப் பார்த்து, 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுக் கடிகாரத்தை வைத்துக் கணக்கெடுத்து 2002-இல் வெளியிட்டார்கள்; சராசரி நேரம் 92 வினாடிகள்தான் ஆயிற்று, நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிஷத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார்கள். இவை பொதுமருத்துவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் என்பது வாஸ்தவம். ஆனால் அரைமணி நேரம் ஒருவரைத் தம் கட்டிலில் படுக்கவைத்துக்கொண்டிருக்கிற இயன்முறை மருத்துவருக்கு இரண்டு நிமிஷம் இல்லை என்று சொல்வது இன்னும் கடினம்.

கேட்டதனால் ஒருவருக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்லத்தான் வேண்டும். நியூஸீலாந்தின் வெலிங்டன் நகரில் தொழில் நடத்திவந்த ராபின் மெக்கன்ஸி என்னும் இயன்முறை மருத்துவரிடம் 1956-இல் முதுகிலிருந்து காலுக்குப் பரவும் வலியோடு ஒருவர் வந்துகொண்டிருந்தார். வாரக்கணக்கில் செய்த சிகிச்சை பலனளிக்கவில்லை. ஒருநாள் அவரை உள்ளே போய்க் குப்புறப் படுத்திருக்கும்படி சொல்லிவிட்டு மெக்கன்ஸி வேறு வேலையைக் கவனிக்கப் போனார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் ஒரு முனை உயர்த்தி வைக்கப்பட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வந்தவர் அதன் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டார். சில நிமிஷங்கள் கழித்து வந்த மெக்கன்ஸி, முதுகு பின்னோக்கி வளைந்த கோலத்தில் அவர் கிடப்பதைக் கண்டு திகைத்துப் போனார். அக்காலத்துச் சாஸ்திரப்படி முதுகுவலிக்காரருக்கு அது ஆகவே ஆகாத கோலம். எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, கால்வலி போய்விட்டது, பல வாரங்களாக இவ்வளவு சுகமாக இருந்ததில்லை என்று அவர் பதில் சொன்னார். சாஸ்திரம் ஒன்று சொல்ல, நோயாளி வேறொன்று சொல்ல, மெக்கன்ஸி நோயாளியை நம்பினார். அந்த நம்பிக்கையிலிருந்து வளர்ந்து இன்று பல தேசங்களில் வழங்குகிற ஒரு சிகிச்சை முறை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்த முறையிலேயே, நோயாளிக்கு முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பெருங்குழப்பம் விளைக்கிற சங்கதி ஒன்று உண்டு. சரியான பயிற்சியால் காலில் இருந்த வலி மேலேறி இடுப்பில் வந்து கூடும். சிலசமயம் இடுப்புவலி முன்னைவிட அதிகமாகவும் தோன்றும். மருத்துவருக்கு அது நல்ல அறிகுறி. முன்னறிவிப்பு இல்லாத நோயாளிக்கோ, காலில் இருந்தது இடுப்புக்கும் வந்துவிட்டது, வியாதி முற்றுகிறது என்று தோன்றும். மறுநாள் அவர் வரமாட்டார். பயிற்சியின்போது வருகிற வலிகளுள் எது பொறுத்துக்கொள்ளத்தக்கது, எது நிறுத்தச் சொல்லுகிறது, எது உடனே வந்து தெரிவிக்க வேண்டியது என்னும் பாகுபாட்டைச் சொல்லிக் கொடுக்காமல், ‘வலிச்சாலும் செய்யுங்க’ என்று ஒருவரும், ‘வலிச்சா விட்டுடுங்க’ என்று இன்னொருவரும் சொல்லி அனுப்புவதால் பாழான முழங்கால்கள் எத்தனையோ.

வலியைக் கேட்டறிகிற விதத்திலும் நம் மருத்துவர்கள் புத்தகத்தைச் சற்று மறக்கலாம். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை என்று கேட்டால், கிராமத்திலிருந்து வந்த பாட்டி, ‘தாங்க முடியலப்பா’ என்பாள். மீண்டும் வற்புறுத்திக் கேட்டால், பரீட்சையில் மார்க்குக் குறைந்துவிடக்கூடாதே என்பதுபோல் பத்து என்று சொல்லிவைப்பாள். அதே பாட்டி, தானாகச் சொல்லவிட்டால், முழங்கால் கடுகடுக்கிறது, தொடையில் குடைகிறது, பாதம் எரிகிறது, சுண்டுவிரல் பக்கம் மதமதவென்று இருக்கிறது என்று நாலு இடத்து வலியை நாலு விதமாகப் பிரித்துச் சொல்லிவிடுவாள். எரிச்சலும் மதமதப்பும் நரம்பைச் சந்தேகிக்கச் செய்வன. குடைச்சல் பெரும்பாலும் வேறு திசையைக் காட்டுவது. ஆனால் ‘நரம்பு இழுக்குது’ என்று அவள் சொன்னால் மட்டும் உடனே எழுதிக்கொள்ளக்கூடாது. நம் ஜனங்களின் வழக்கில் தசைநாணும் நரம்புதான், இரத்தக்குழாயும் நரம்புதான். இழுக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். எண்ணைவிட உபயோகமான கேள்விகளும் இருக்கின்றன: தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்திருக்க முடிகிறதா, பஸ் படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள், கொண்டை போடக் கை எட்டுகிறதா, வாசலில் கோலம் போட்டு எத்தனை நாள் ஆயிற்று? கோலம் போட வேண்டும் என்பது அவளுடைய ஆசையானால், முழங்கால் எத்தனை பாகை மடங்க வேண்டும் என்பதை மருத்துவர் அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்; மாறாக, பாகைக் கணக்கை அவளிடம் சொல்லி ஆவதொன்றுமில்லை.

இந்த விஷயத்தில் ஊர்ப்புறத்துச் சுளுக்கு எடுப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய முறைகளுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. எலும்பு முறிவைச் சுளுக்கென்று நீவி விபரீதமாக்கிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆயினும் வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து, எங்கே விழுந்தாய், எந்தக் கால் முதலில் மடங்கியது, எத்தனை மூட்டை தூக்கினாய் என்று நாலு கேள்வி கேட்டுக்கொண்டே எண்ணெயைச் சூடாக்குகிறாரே, அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து கற்றுக்கொண்டால் குறைவொன்றும் வந்துவிடாது. படித்தவரின் அறையைவிட அவர் திண்ணையில் கூட்டம் அதிகமாக இருப்பதற்கு ஜனங்களின் அறியாமை ஒன்றையே காரணமாகச் சொல்லிக் கொண்டிருப்பது விவேகமல்ல.

பயமுறுத்தும் வார்த்தைகள்

கேளாமையால் வரும் தீங்கைவிடச் சொல்லால் வரும் தீங்கு பெரிது. ‘எலும்பு தேஞ்சு போச்சு’, ‘ஜவ்வு விலகிடுச்சு’, ‘உங்க முதுகு எண்பது வயசுக்காரர் முதுகு மாதிரி இருக்கு’ என்று எக்ஸ்ரேயையோ ஸ்கேன் படத்தையோ வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். சொன்னவர் அடுத்த நோயாளியைப் பார்க்கும்போது அதை மறந்துவிடுவார்; கேட்டவர் மறப்பதில்லை. தேய்ந்த பொருளை உபயோகித்தால் இன்னும் தேயும் என்பதுதானே உலக நியாயம்? ஆகையால் அவர் நடப்பதைக் குறைக்கிறார், குனிவதை விடுகிறார், பேரக்குழந்தையைத் தூக்க மறுக்கிறார். அசையாத தசை பலமிழக்க, பலமிழந்த முதுகு மேலும் வலிக்க, மேலும் வலித்ததைத் தேய்மானத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். நியூஸீலாந்தில் முதுகுவலிக்காரர்கள் 23 பேரை ஆழமாக விசாரித்து 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மருத்துவத் துறையினர் சொன்ன வார்த்தைகள் அவர்களது மனத்தில் நெடுங்காலம் தங்கி, முதுகைப் பற்றிய அவர்களுடைய எண்ணத்தையே உருவாக்கிவிடுகின்றன என்று காட்டியது. பயமுறுத்திய வார்த்தை மட்டுமின்றித் தைரியமூட்டிய வார்த்தையும் அவ்வாறே தங்கியது.

அப்படியானால் படத்தில் தெரிவதை மறைப்பதா என்று கேட்கலாம். மறைக்க வேண்டியதில்லை, முழு உண்மையையும் சொன்னால் போதும். வலியே இல்லாத மனிதர்கள் 3,110 பேருடைய முதுகெலும்புப் படங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். இருபது வயதினரிலேயே நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் முதுகெலும்புத் தட்டுகளில் தேய்வின் அடையாளங்கள் இருந்தன. வலி இல்லாதவர்களுக்கே இப்படியென்றால், தலை நரைப்பதுபோல இதுவும் வயதின் கோலங்களில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்க, படத்தில் தெரிவது ஒன்றையே வலிக்குக் காரணமாகச் சொல்ல இயலாது. ‘உங்கள் வயதில் வலி இல்லாதவர்களுக்கும் இப்படித்தான் இருக்கும்; இதை வைத்துக்கொண்டே நீங்கள் பலம் பெறலாம்’ என்று சொல்ல எத்தனை வினாடி ஆகும்? காலில் பலம் குறைவது, சிறுநீர் அடங்காமற் போவது போன்ற அபாய அடையாளங்கள் இருந்தால் அவற்றை ஒளிக்காமல் சொல்லி உடனே உரியவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தைரியம் சொல்வது என்ற பெயரில் கண்ணை மூடிக்கொள்வது எனக்குச் சம்மதமன்று.

யந்திரமும் வாக்கும்

நம் ஊர்ச் சிகிச்சை நிலையங்களில் ‘கரண்ட் வைப்பது’ என்று ஒரு சம்பிரதாயம் வேரூன்றிவிட்டது. மின்சார யந்திரத்தின் பட்டைகளை முதுகிலோ முழங்காலிலோ ஒட்டி, பொத்தானைத் திருகிவிட்டு, மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். மணி அடித்ததும் உதவியாள் வந்து கழற்றிவிடுவார். குற்றம் மருத்துவர்மேல் மட்டுமில்லை. ஒருநாள் யந்திரத்தைத் தொடாமல் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தால், ‘இன்னைக்கு கரண்ட் வைக்கலையா?’ என்று நோயாளியே மனக்குறையோடு கேட்பார். கொடுத்த பணத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற வஸ்து அதுதான் என்று அவர் நினைக்கிறார்.

இந்த யந்திரத்தை வைத்தே கனடா தேசத்தின் எட்மண்டன் நகரில் அழகான ஒரு பரிசோதனை செய்து 2014-இல் வெளியிட்டார்கள். நாட்பட்ட இடுப்புவலி உள்ள 117 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். இரண்டு பிரிவினருக்கு யந்திரம் உண்மையாகவே மின்சாரம் செலுத்தியது. மற்ற இரண்டு பிரிவினருக்கு அது வெறும் பாசாங்கு. ஒவ்வொரு வகையிலும் ஒரு பிரிவினரிடம் மருத்துவர் அளவாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு அறையைவிட்டு அகன்றார். மற்றப் பிரிவினரிடம் அவர்களுடைய வலியைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் விசாரித்து, சொன்னதைச் சிரத்தையோடு கேட்டு, சிகிச்சை முடியும்வரை கூடவே இருந்தார். பாசாங்கு யந்திரமும் குறைந்த பேச்சும் பெற்றவர்களுக்கு வலி நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது. உண்மை யந்திரமும் குறைந்த பேச்சும் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 47 பங்கு. பாசாங்கு யந்திரமும் நல்ல சம்பாஷணையும் பெற்றவர்களுக்கு 55 பங்கு. இரண்டும் உண்மையாகப் பெற்றவர்களுக்கு 77 பங்கு. பேசாத மின்சாரத்தைவிட மின்சாரமில்லாத பேச்சுச் சற்று மேலாகவே நின்றது என்று அர்த்தம்.

இதைக் கேட்டுத் துள்ளிக் குதிப்பதற்குமுன் சில விஷயங்களை யோசிக்க வேண்டும். அங்கே அளந்தது ஒரே ஒரு அமர்வுக்கு முன்னும் பின்னும் இருந்த வலியை. அந்த நிவாரணம் மறுவாரம்வரை நின்றதா என்பதை அந்தப் பரிசோதனை காட்டவில்லை. மேலும், இனிய பேச்சு இருந்தால் எந்த யந்திரத்தையும் வைத்துப் பணம் பண்ணலாம் என்று ஒரு வியாபாரி இதிலிருந்து பாடம் கற்றுக்கொள்ளவுங்கூடும். பாசாங்குக்குப் பேச்சு உதவுமானால் மெய்யான பயிற்சிக்கு அது இன்னும் எவ்வளவு உதவும் என்று எண்ணிப் பார்ப்பதே நியாயமான வழி.

வேலூரில் நடந்தது

சொல்லின்றிச் சிகிச்சையே இல்லை என்னும் நிலைமை மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் நம் வேலூர்தான். 1946-இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேயச் சத்திர வைத்தியர், குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றுச் சிகிச்சையால் நிமிர்த்தும் வேலையில் இறங்கினார். அந்த ரோகத்தால் நரம்புகள் பட்டுப்போய்ச் சில தசைகள் செயலிழந்துவிடும். உயிரோடு இருக்கும் தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலோடு இணைத்துவிடுவதே சத்திர சிகிச்சையின் சாரம். வைத்தியர் வேலை அத்துடன் முடிந்தது. இனி நடக்க வேண்டியதோ விசித்திரமானது. மோதிரவிரலை மடக்கிக்கொண்டிருந்த நாணைக் கட்டைவிரலுக்கு மாற்றியிருந்தால், நோயாளி மோதிரவிரலை மடக்குவதாக நினைத்தால்தான் கட்டைவிரல் அசையும். பிறந்தது முதல் ஒருவிதமாகப் பழகிய மூளையை வேறுவிதமாகப் பழக்க வேண்டும். கட்டை அவிழ்த்ததும் எதிரில் உட்காருகிற இயன்முறை மருத்துவர், எந்த விரலை மனத்தில் நினை, எந்த விரலைக் கண்ணால் பார், இப்போது அசைந்ததே அது எப்படி அசைந்தது என்று வார்த்தைகளாலேயே அந்தக் கையை ஓட்டிச் செல்ல வேண்டியிருந்தது.

அந்தக் கைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அவற்றுக்கு வலி தெரியாது. ரோகம் தசையைத் தின்று விரல்களை உதிர்த்துவிடுகிறது என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருக்க, உணர்ச்சியற்ற கையில் சூடும் காயமும் பட்டுப் புண்ணாகி, புண் ஆறாமல் விரல் குறைந்துபோகிறது என்பதைப் பிராண்டும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தார்கள். இரவில் உறங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரியாமல் சிலர் விரலை இழந்தது கண்டு, வீடு திரும்புகிறவர்களிடம் பூனைகளைக் கொடுத்து அனுப்பினார்களாம். மற்றவர்களிடம் மருத்துவர், வலித்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடரலாம். இவர்களிடம் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சுடுபாத்திரத்தைத் துணியால் பிடி, கருவியை எடுத்து வைத்தபின் உள்ளங்கையைப் பார், படுக்கப் போகுமுன் பாதத்தை விளக்கடியில் திருப்பிப் பார் என்று உடம்பு செய்ய மறந்த எச்சரிக்கையையெல்லாம் சொல் செய்தாக வேண்டும். அந்தச் சொல்லும், நோயாளியின் குடிசையும் அடுப்பும் தொழிலும் எப்படிப்பட்டவை என்று முதலில் கேட்டறிந்தவர் வாயிலிருந்து வந்தால்தான் நிலைக்கும். சிகிச்சை முடிந்தவர்கள் தொழில் பழகுவதற்கென்றே 1951-இல் ‘நவஜீவ நிலையம்’ என்று ஒன்று தொடங்கப்பட்டதன் தாத்பரியத்தில் இதற்கும் பங்குண்டு.

அதே கல்லூரியில் பயின்று, 1954-இல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்தார் என்பது பலருக்குத் தெரிந்த வரலாறு. பிறகு அவர் நியூயார்க்கில் ஹோவார்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையமும் அங்கே எழுந்தது. பயிற்சி பெறும் கட்டிலிலும் பயிற்சி அளிக்கும் இடத்திலும் இருந்து பார்த்தவர் அவர். முதுகுத்தண்டு முறிந்து, இனி எதற்கு உயிர் வாழ்வது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கும் இளைஞனிடம் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு தலைமை வைத்தியரே வந்து நின்றால், வாய் திறக்குமுன்பே சம்பாஷணை பாதி நடந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சலுகை மற்ற மருத்துவர்களுக்கு இல்லை. அவர்கள் மீதிப் பாதியையும் பேசியே ஈடுகட்ட வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது

மருத்துவர் சொன்னதில் நூற்றுக்கு 40 முதல் 80 பங்குவரை நோயாளிகள் உடனடியாக மறந்துவிடுகிறார்கள் என்று ஞாபகசக்தியை ஆராய்ந்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டும், எட்டுப் படங்கள் அச்சடித்த காகிதத்தைக் கையில் கொடுத்து, ‘எல்லாத்தையும் பத்துப் பத்துத் தடவை செய்யுங்க’ என்று அனுப்புகிற வழக்கம் நிற்கவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் 1999-இல் வெளியான சிறியதோர் ஆராய்ச்சியில், இரண்டு பயிற்சி மட்டும் பெற்றவர்கள் எட்டுப் பயிற்சி பெற்றவர்களைவிடத் திருத்தமாகச் செய்துகாட்டினார்கள். காகிதம் அலமாரிக்குப் போகும்; காலையில் பல் துலக்கும்போது ஒன்று, தொலைக்காட்சித் தொடரில் விளம்பரம் வரும்போது ஒன்று என்று நாளின் வேலைகளோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்த பயிற்சி தப்பிப் பிழைக்கும்.

‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கேட்டால் புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று கருதுகிறவர்கள் நாம். ‘நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன் அம்மா, நாளைக்குக் காலையில் என்ன செய்வீர்கள், ஒருதரம் செய்து காட்டுங்கள்’ என்று பரீட்சையைத் தம்மேல் போட்டுக்கொண்டு கேட்கிறவருக்கு உண்மை தெரிந்துவிடும். அடுத்தமுறை வரும்போதும் ‘தினமும் செய்தீர்களா?’ என்று கேட்டால், செய்தேன் என்னும் பொய்தான் பெரும்பாலும் பதிலாக வரும். ‘எந்த நாள் செய்ய முடியாமற் போயிற்று, அன்றைக்கு என்ன வேலை வந்தது?’ என்று கேட்டால், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, தண்ணீர் லாரி வந்தது, படுத்துச் செய்யச் சொன்னீர்கள், பகலில் படுத்தால் வீட்டில் ஒருமாதிரி பார்க்கிறார்கள் என்று மெய்யான தடைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். படுத்துச் செய்யும் பயிற்சியை நாற்காலியில் உட்கார்ந்து செய்வதாக மாற்றிக் கொடுப்பது மருத்துவருக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனால் தடை இன்னதென்று தெரியாமல் அந்த ஒரு நிமிஷத்தை எப்படிச் செலவிடுவது?

காலக்கணக்கையும் ஒளிக்கக்கூடாது. தோள்மூட்டு இறுகிப்போகும் வியாதி, குறிப்பாக நீரிழிவுக்காரர்களைப் பிடிப்பது, வலி மிகுந்த பருவம், இறுகிய பருவம், மெல்லத் தளரும் பருவம் என்று நடந்து முடிய ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம்வரைகூட ஆகும். முதல் நாளே இதைச் சொன்னால் நோயாளி ஓடிப்போய்விடுவார் என்று பயந்து, பத்து நாளில் சரியாகிவிடும் என்கிறார்கள். முதல் நாளில் ஓடவேண்டியவர் பதினோராம் நாளில் ஓடுகிறார். நம்பிக்கையையும் கூடவே எடுத்துக்கொண்டு இன்னொரு நிலையத்துக்குப் போய், அங்கேயும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

தொடுவதைப் பற்றிச் சுருக்கமாக: கை வைக்குமுன் எங்கே வைக்கப்போகிறோம், எதற்காக என்று சொல்ல வேண்டும், பெண் நோயாளியானால் ஆடையை எவ்வளவு விலக்க வேண்டியிருக்கும் என்பதையும் முன்னதாகவே சொல்லி, துணைக்கு ஒரு பெண் இருக்க ஏற்பாடு செய்து, சம்மதம் கேட்டபின் செய்ய வேண்டும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது இங்கே செல்லாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அரசு மருத்துவமனையில் வெளிநோயாளர் வரிசை வாசல்வரை நீண்டிருக்கத் தனி ஒருவராக நின்று சமாளிக்கிற இயன்முறை மருத்துவரைக் குறை கூறினால் அது தர்மமாகாது. அவருக்கு நேரமில்லை, தனியார் நிலையத்தில் வேலை செய்கிறவருக்கோ நேரம் முதலாளியினுடையது. இந்நிலையில், 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டிலேயே மருந்து கொடுப்பதோடு இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருப்பதை நான் விசேஷமாகக் கருதுகிறேன். மருத்துவமனையில் கேள்வி கேட்டு அறிய வேண்டியவற்றுள் பாதியை வீட்டில் கண்ணே கண்டுவிடுகிறது: கயிற்றுக் கட்டில் தொய்ந்திருக்கிறது, வாசற்படி முழங்கால் உயரம் இருக்கிறது, கழிப்பறைக்குப் போகும் வழியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அங்கே பேச வேண்டியவரும் நோயாளி ஒருவர் மட்டுமில்லை. எழுப்பி உட்காரவைக்கிற மருமகளின் முதுகுக்கும் சேர்த்தே அவர் வழி சொல்ல வேண்டியிருக்கிறது.

பக்கவாத நோயாளியின் வீட்டில் இந்தப் பேச்சு மிகக் கடினமான கட்டத்துக்கு வருகிறது. வாய் குழறிப் போனவருக்குப் புத்தியும் குழறிவிட்டதாக எண்ணி, அவர் தலைக்கு மேலாகவே உறவினரும் மருத்துவரும் அவரைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். பேச்சு வராத பலருக்குப் பிறர் பேசுவது நன்றாகவே விளங்குகிறது. ‘ஐயா’ என்று அவர் முகத்தைப் பார்த்துச் சிறு வாக்கியமாக ஒன்று சொல்லி, அவர் கண்ணாலோ தலையாலோ பதில் சொல்லும்வரை பொறுத்திருப்பவர் மிகச் சிலர். முன்னேற்றம் முதல் சில மாதங்களில் வேகமாக இருந்து, பிறகு தேய்ந்து, ஒரு கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாகிவிடும். ‘கை பழையபடி வந்துடுமா?’ என்று மனைவி கேட்பாள். வரும் என்று சொன்னால் பொய். வராது என்று எழுந்து போனால் கொடுமை. அனுபவமுள்ளவர் செய்வது வேறு. இந்த மூன்று மாதத்தில் எது வந்தது, எது வரவில்லை என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு, விரல்கள் இனிப் பிடிமானம் பெறுவது கடினம் என்று இருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லி, அழுதால் அழுது ஓயும்வரை உடனிருந்து, பிறகு கொடியில் கிடக்கிற சட்டையை எடுத்துக்கொண்டு வருகிறார். போடும்போது செயலற்ற கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு முறை தாம் செய்துகாட்டி, மூன்றாம் முறை சட்டையை நோயாளியின் மடியில் வைத்துவிட்டு, உதவி செய்ய நீண்ட மனைவியின் கையைச் சற்றுப் பொறுக்கச் சொல்கிறார்.